பழகிப் போன கால்

நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் தனக்குக் கால்கள் இருப்பதே மனிதனுக்குத் தெரிய வருகிறது. அதுவரை அவை வண்டிச் சக்கரம் மாதிரி. ஓடிக்கொண்டிருக்கிறவரையில் அவற்றைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. எனக்கு அந்த ஞானம் சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் பிறந்தது. கட்டிலை விட்டு இறங்கி வலது காலைத் தரையில் ஊன்றினேன். குதிகாலுக்குள் யாரோ ஆணியை வைத்து அடித்தது போலிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்ததும் வலி குறைந்தது. காபி குடித்து முடிப்பதற்குள் மறந்தே போயிற்று. மறுநாள் காலையில் மறுபடியும் அதே ஆணி.

டாக்டர் என் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சரியான இடத்தில்தான் அழுத்தினார், நான் கத்தினேன். அவருக்குத் திருப்தி.

"குதிகாலிலிருந்து விரல்கள் வரைக்கும் பாதத்தின் அடியில் ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் மாதிரி. அது நைந்துபோயிருக்கிறது. இராத்திரி முழுவதும் சுருங்கிக் கிடந்துவிட்டுக் காலையில் திடீரென்று இழுபடுகிறதா, அதனால்தான் முதல் அடியில் அப்படி வலிக்கிறது" என்று விளக்கினார். பிறகு, "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"எழுதுகிறேன்."

"அது உட்கார்ந்து செய்கிற வேலைதானே! அதற்கு முன்னால்?"

அவர் அப்படிக் கேட்டதும் எனக்கு ஒரு ஜவுளிக்கடையின் வாசனை வந்தது. புதுப் புடவையின் கஞ்சியும் ஊதுவத்தியும் கலந்த வாசனை.

கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டுச் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் மூன்று வருஷம் நின்றேன். வேலை பார்த்தேன் என்று எழுதுவதைவிட நின்றேன் என்று எழுதுவதுதான் பொருத்தம். காலை ஒன்பதரை மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது மணிவரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். வாடிக்கையாளர்களுக்கு மெத்தை போட்ட நாற்காலிகள் உண்டு. கடையில் ஈ காக்கை இல்லாத பிற்பகல் வேளையிலும் நாங்கள் அவற்றில் உட்காரக் கூடாது. அலமாரியில் சாயவும் கூடாது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். கடைக்குள் லட்சுமி இருக்கிறாள் அல்லவா? குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு லட்சுமிக்குக் காவல் நின்றோம். எங்களில் சிலர் கக்கூசுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு இரண்டு நிமிஷம் குந்தியிருந்துவிட்டு வருவார்கள். அது ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்த நாற்காலி.

பட்டுப் பிரிவில் இருபது வருஷமாக நின்ற அண்ணன் ஒருவர் இருந்தார். முதல் வாரம் என் கால்கள் வீங்கிப் போனதைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசத்துல பழகிடும் தம்பி" என்று தேற்றினார். வேட்டியை அவர் மடித்துக் கட்டும்போது பார்த்தேன். கெண்டைக்காலில் நரம்புகள் நீலக் கயிறுகளாக முறுக்கிக்கொண்டு கிடந்தன. பின்னால் ஒரு நாள் பெண்கள் பிரிவில் யாரோ துணிந்து ஒரு ஸ்டூல் கேட்டாள். முதலாளி கோபப்படவில்லை. நல்ல மனிதர்தான், தீபாவளிக்குக் குறைவில்லாமல் போனஸ் கொடுப்பவர். சிரித்துக்கொண்டே, "அவங்களுக்கெல்லாம் பழகிப் போச்சு. நீ புதுசு" என்றார்.

அண்ணன் சொன்னதும் முதலாளி சொன்னதும் ஒரே வார்த்தை. அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை தூரம் இருக்கிறது என்பது அந்த வயதில் எனக்குப் புலப்படவில்லை. கொல்லிமலைக்குப் போய்வந்த பிறகுதான் புலப்பட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கடைக்காரப் பெண்களின் நாற்காலிக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் நின்ற பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். விஜி என்ற தையற்காரப் பெண்மணி அவர்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைக் கட்டினார். 2018இல் கேரளம் சட்டம் செய்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் அனைவருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்று விதித்தது. உட்காருவதற்குச் சட்டம்! கேட்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மூன்று வருஷம் நின்றவனுக்கு அது வேடிக்கையாக இல்லை. சட்டம் வந்த பிறகு நான் புடவை எடுக்கப் போன கடைகளில் ஸ்டூல்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் மேல் பெரும்பாலும் பில் புத்தகம் உட்கார்ந்திருந்தது.

டாக்டர் மருந்து அதிகம் எழுதவில்லை. "நல்ல பாதரட்சையாகப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள்" என்றார். முதற் பகுதி என் பணப்பையோடு மோதியது. இரண்டாம் பகுதி என் தாயாரோடு. பூஜை அறை உள்ள வீட்டில் செருப்புச் சத்தம் கேட்பதைவிடப் பிள்ளை நொண்டுவதே மேல் என்பது அம்மாவின் முதல் தீர்ப்பு. மூன்றாம் நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கூடத்தோட நிறுத்திக்கோ" என்று அப்பீலில் தள்ளுபடி கொடுத்தாள்.

கடைகளில் நான் பட்ட பாட்டை விவரிக்கப் போவதில்லை. பளபளப்பான ஜோடுகள் எல்லாம் காலைக் கடித்தன. மெத்தென்று இருந்தவை நடுவில் மடிந்து வலியைக் கூட்டின. கடைசியில் எனக்குப் புத்தி சொன்னவர் எங்கள் தெரு முனையில், வேப்பமரத்தடியில் கடை போட்டிருக்கும் செருப்புத் தைப்பவர். அதிகம் பேசாதவர். "சாயங்காலமாப் போயி வாங்குங்க. காலையில இருக்கிற காலு வேற, சாயங்காலம் இருக்கிற காலு வேற" என்றார். நாள் முழுக்க நின்றும் நடந்தும் பாதம் சற்று வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துவதுதான் பொருத்தம். செருப்பைக் கையில் எடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னார். விரல் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். குதிகாலைக் கிண்ணம் மாதிரி பிடிக்க வேண்டும். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அவர் சொன்னபடியே தேடிப் பிடித்தேன். விலையைச் சொன்னால் வாசகர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ! என் முதல் நாவலுக்குக் கிடைத்த தொகையைவிட அது அதிகம் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த நாட்களில் ஒரு நண்பர் என்னிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட், வலியைப் பற்றி எழுதியது. பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதி 1993இல் வெளிவந்தது. வலிக்கிறவனுக்கு வலியைப் பற்றிய புத்தகம் கொடுப்பது என்ன நாகரிகமோ என்று எண்ணிக்கொண்டுதான் பிரித்தேன். ஆரம்பப் பகுதியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் பிறந்தது கொல்லிமலையில்!

சேலத்துக்காரனான எனக்குக் கொல்லிமலை அடுத்த வீடு மாதிரி. வல்வில் ஓரி ஆண்ட மலை, மிளகும் அன்னாசியும் விளைகிற மலை, காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிற மலை என்பதெல்லாம் தெரியும். இது தெரியாது. பாதிரியார் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் மலைமேல் வாழவந்தியில் குடியிருந்தார்கள். அங்கே 1914 ஜூலையில் பிறந்தவர் பால். பாடம் படிக்கச் சொன்னால் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கணக்கைப் போட்டுத் தாளைக் கீழே நிற்கும் தாயிடம் நழுவவிடுகிற பிள்ளை. ஒன்பதாம் வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். 1929இல் தந்தை மலையிலேயே கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தாய் மலையை விடவில்லை. குதிரையிலும் கால்நடையாகவும் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என்று அலைந்து, தொண்ணூற்றைந்து வயதில் 1974இல்தான் கண்ணை மூடினார். குதிகாலுக்குள் ஓர் ஆணி இருக்கும்போதுதான் இப்படிப்பட்டவர்களின் நடை எவ்வளவு தூரம் என்பது நமக்கு உறைக்கிறது. புதுச் செருப்பையும் சோதித்துப் பார்த்த மாதிரி இருக்கும் என்று ஒரு நாள் பஸ் ஏறினேன்.

வாழவந்தியைப் பார்த்துவிட்டு, மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிறதை நானும் செய்தேன். அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது எளிது என்று நினைப்பவர்கள் முழங்கால் இல்லாதவர்கள். முந்நூறு அடி உயரத்திலிருந்து அய்யாறு விழுகிற சத்தம் பாதி வழியிலேயே கேட்டது. ஆனால் என் குதிகாலின் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது. படியோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுபது வயது மதிக்கத்தக்க மலைவாசிப் பெரியவர் ஒருவர் தலையில் அன்னாசிக் கூடையோடு இறங்கி வந்தார். என்னருகே கூடையை இறக்கி வைத்துத் தாமும் உட்கார்ந்தார். கீழே மருமகள் பழம் நறுக்கி விற்கிறாளாம், அவளுக்குச் சரக்கு. தினம் இரண்டு நடை.

"கால் வலிங்களா?" என்று அவர்தான் கேட்டார்.

"ஆமாம், குதிகால்."

"பூட்ஸு நல்லாத்தான இருக்குது" என்று குனிந்து பார்த்தார்.

"நீங்கள் செருப்புப் போடுவதில்லையா, பெரியவரே?"

"ரப்பர் செருப்பு வூட்டுல கெடக்குதுங்க. போட்டா வழுக்குது. மழ பேஞ்சா படி பூராப் பாசி. வெறுங்காலுதான் புடிமானம்."

"கல் குத்தாதா?"

"பழகிப் போச்சுங்க சாமி."

நான் அவருடைய பாதங்களைப் பார்த்தேன். விரல்கள் விசிறி மாதிரி அகன்று, ஒவ்வொன்றும் தனித்தனியே தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. குதிகாலில் வெடிப்புகள், வறண்ட ஏரியின் படுகை மாதிரி. என் காலில் இருந்ததோ இறக்குமதி ரப்பர் வைத்துத் தைத்த ஜோடு. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வெட்கத்தைப் பற்றி நான் பெருமைப்பட்டுக்கொள்வதற்கில்லை. அடுத்த நிமிஷமே அதற்கு ஒரு மருந்தும் கண்டுபிடித்துவிட்டேன். 'அவருக்குப் பழகிவிட்டது' என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன். சொன்னதும் வெட்கம் பறந்துவிட்டது. மனம் லேசாகிவிட்டது. அருவியைப் பார்க்கலாம் என்று எழுந்தேன்.

எழுந்தவன் அப்படியே நின்றேன். அது என் முதலாளியின் குரல்.

அண்ணனும் இந்தப் பெரியவரும் 'பழகிப் போச்சு' என்று சொன்னால் அது அவர்கள் தங்கள் கஷ்டத்தின் மேல் போர்த்திக்கொள்கிற துண்டு. அதைப் போர்த்திக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. ஓரளவு அது மானத்தைச் சேர்ந்த விஷயமுங்கூட. முன்பின் தெரியாதவனிடம் போய் யார் தன் வலியைப் பிரித்துக் காட்டுவார்கள்? அதே துண்டை எடுத்து நான் என் கண்ணில் கட்டிக்கொண்டால்? அவருடைய காலின் கணக்கை என் சௌகரியத்துக்காக நான் எழுதி முடிக்கிறேன் என்றுதானே அதற்கு அர்த்தம்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. வெறுங்கால் உண்மையிலேயே நல்ல கால்தான். 1992இல் மணிப்பால் மருத்துவர்களான ராவும் ஜோசப்பும் 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்து, தட்டைப் பாதம் செருப்புப் போட்டு வளர்ந்த பிள்ளைகளிடந்தான் அதிகம் என்று கண்டார்கள். அந்தப் பெரியவரின் பாதத்துக்கு முன்னால் என் பாதம் நோஞ்சான், சந்தேகமில்லை. கோடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவியில் மக்கள் தங்கள் ஊரையே கோயிலாகக் கருதிச் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை. வேண்டாம் என்று கழற்றி வைப்பவனின் வெறுங்கால் வேறு.

ஆனால் இந்த நாட்டில் எல்லா வெறுங்கால்களும் அப்படி வந்தவை அல்ல. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கம் செலுத்திய சாதியார் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி அவற்றைத் தம் நூலில் வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார். எட்டாவது தடை: ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பும் அணியக் கூடாது. இராமபிரானின் பாதுகையைச் சிங்காதனத்தில் ஏற்றிப் பதினான்கு ஆண்டுகள் இராஜ்யம் ஆளவிட்ட கதையைக் கேட்டு உருகுகிற நாடு. பாதுகைக்கு ஆயிரத்தெட்டுச் சுலோகம் பாடிய வேதாந்த தேசிகர் பிறந்த நாடு. பாதுகையைத் தைத்தவனை ஊருக்கு வெளியே வைத்து, அவனை வெறுங்காலோடு நடக்கவும் சொன்னது. அப்புறம், 'அவனுக்குப் பழகிவிட்டது' என்றது. பழகாமல் என்ன செய்வான்?

மறுபடி டாக்டர் பிராண்டிடம் வருகிறேன். வாலிபராகித் திரும்பி வந்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் விடுதியைப் பார்க்கப் போனபோது, முடங்கிப்போன விரல்களைக் கண்டு, இவற்றை நிமிர்த்த முடியாதா என்று கேட்டார். எலும்பு மருத்துவர்கள் அதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. நல்ல தசைநாரை எடுத்து வேறிடத்தில் தைத்து அந்தக் கைகளை விரித்துக் காட்டினார். ஆனால் கைகளைவிட அவரை அதிகமாக வாட்டியவை கால்கள். ஆறுவதும் மறுபடி புண்ணாவதுமாக, கடைசியில் விரல் விரலாக, பாதம் பாதமாகப் போய்க்கொண்டிருந்தன. தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது என்றுதான் உலகம் நம்பியிருந்தது. பிராண்ட் கவனித்துக் கவனித்து வேறொன்றைக் கண்டார். நோய் நரம்பைக் கொல்கிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வலி இல்லாததால் வருகிறது.

நாம் நெடுந்தூரம் நடக்கும்போது நம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். குதிகால் நொந்தால் பாரத்தை ஓரத்துக்குத் தள்ளுகிறோம். ஓரம் நொந்தால் முன்னங்காலுக்கு. கொஞ்சம் நொண்டுகிறோம். அந்த நொண்டல்தான் நம் காலைக் காப்பாற்றுகிறது. உணர்ச்சியற்ற பாதம் நொண்டுவதில்லை. அதே இடத்தில், அதே பாரத்தோடு, ஆயிரமாவது அடியையும் முதல் அடி மாதிரியே வைக்கிறது. உள்ளே சதை கூழாகிப் போனாலும் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. முள் ஏறியிருக்கும், செருப்பின் ஆணி குத்திக்கொண்டிருக்கும், அந்த மனிதர் நிம்மதியாக நடந்து வருவார்.

வலி போன காலுக்கு வலியின் வேலையைச் செய்ய ஒரு செருப்பு வேண்டியிருந்தது. வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரைப் பிடித்தார்கள். பாதத்தின் பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவும்படி செய்வது அது. முள் ஏறாதிருக்க அதற்கு அடியில் கெட்டி ரப்பர். ஆணியே அடிக்கக் கூடாது; தையலும் பசையுந்தான். விரலால் செருப்பைப் பற்றிக்கொள்ளத் தெரியாத கால் ஆகையால் பின்னால் ஒரு வார். புண்கள் குறைந்தன. ஆனால் இன்னொரு சங்கடம் வந்தது. அந்தச் செருப்பைப் பார்த்ததுமே இன்ன நோய்க்காரர் என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. டீக்கடையில் கிளாஸைத் தனியாக வைக்கிறார்கள். பலர் காலைக் காப்பாற்றும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மற்றவர்கள் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு புண்ணை வாங்கினார்கள். அவர்களை அசடர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதம் மட்டும் சுகமாயிருந்தால் மனிதன் சுகமாயிருப்பதில்லை. பார்வைக்கு எல்லோருடையதையும் போலிருக்கிற செருப்பாகச் செய்ய வேண்டும் என்று பிற்பாடு கற்றுக்கொண்டார்கள்.

பிராண்ட் தம்முடைய குதிகாலைப் பற்றியும் ஒரு சம்பவம் சொல்கிறார். அதைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பயணம் முடிந்து, கப்பலில் இங்கிலாந்து வந்து, இரயிலேறி இலண்டனுக்குப் போய், இரவு அறையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றுகிறார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியை எடுத்துக் குத்திப் பார்க்கிறார், வலிக்கவில்லை. தொழுநோய் தம்மையும் பிடித்துவிட்டது என்று முடிவு செய்கிறார். மனைவி, குழந்தைகள், மருத்துவமனை என்று எல்லாவற்றையும் நினைத்து விடியும்வரை கிடக்கிறார். விடிந்ததும் மறுபடியும் ஊசியை எடுத்துக் குத்துகிறார். அலறிவிடுகிறார். இரயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் நரம்பு அமுங்கி மரத்திருந்திருக்கிறது. நோயும் இல்லை, ஒன்றும் இல்லை. குதிகாலில் ஊசி ஏறிய வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மனிதரை நான் வேறு கேள்விப்பட்டதில்லை.

1966 முதல் இருபது ஆண்டுகள் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் இருந்தபோது செயற்கையாக வலி உண்டாக்கவும் முயன்றார். உறையில் கருவிகளைப் பதித்து, அழுத்தம் அதிகமானால் காதில் ஒலி கேட்கும்படி செய்தார். நோயாளிகள் ஒலியைச் சட்டை செய்யவில்லை. மின்சாரம் தாக்கும்படி செய்தார். ஆபத்தான ஒரு காரியத்தைச் செய்ய ஆசைப்பட்டால், அவர்கள் மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செய்தார்கள்; பிறகு மறுபடி போட்டுக்கொண்டார்கள். வலிக்கு ஒரு ஸ்விட்ச் கையெட்டும் இடத்தில் இருந்தால் அது வலியாக இராது என்று கண்டு முயற்சியைக் கைவிட்டார்.

இந்த இடத்தில்தான் நான் என் படிக்கட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அடுத்தவன் காலின் வலிக்கு நம் எல்லோர் கையிலும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. 'பழகிவிட்டது' என்பது அந்த ஸ்விட்ச். ஜவுளிக்கடை முதலாளி அதைத் தட்டினார். அன்னாசிக் கூடைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தட்டினேன். பெரியவரின் கால் மரத்துப் போகவில்லை. மரத்தது என் பக்கம்.

இப்படியெல்லாம் யோசித்ததால் நான் உத்தமனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அடுத்துச் செய்தது அதைவிட அசட்டுக் காரியம். மாலையில் செம்மேட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அதே பெரியவர் ஏறினார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இறங்கியதும் அவரைக் கையைப் பிடித்து ஒரு செருப்புக் கடைக்கு அழைத்துப் போனேன். வேண்டாம் வேண்டாம் என்றார். என் தர்மம் அவருடைய மறுப்பைக் கேட்கிற நிலையில் இல்லை. கடைக்காரர் தரை சேறாகாமலிருக்க ஒரு பழைய செய்தித்தாளை விரித்தார். பெரியவர் அதன் மேல் ஏறி நின்றார். நான் கடையிலிருந்ததில் உசத்தியான கான்வாஸ் ஜோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

நீளம் சரியாக இருந்தது. அகலம் கொள்ளவில்லை. அடுத்த அளவு, அதற்கடுத்த அளவு. நீளம் போய்க்கொண்டே இருந்ததே தவிர, அந்த விசிறி விரல்களுக்கு எதிலும் இடமில்லை. சிறு வயது முதல் ஜோட்டுக்குள் ஒடுங்கிய கால்களை அளந்து செய்தவை அவை. எப்படியோ ஒன்றைத் திணித்து இரண்டடி நடந்தார். குழந்தை மாதிரி சிரித்துவிட்டார்.

"காலக் கட்டிப் போட்டாப்புல இருக்குதுங்க."

அப்போதுதான், கூச்சத்தோடு சொல்கிறேன், அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்: "உங்களுக்கு எப்படி இருந்தால் சரியாக இருக்கும்?"

அவர் யோசிக்கவே இல்லை. பல நாளாக மனத்தில் தைத்து முடித்துவிட்ட செருப்பு போலும். "பின்னால வார் வேணுங்க. எறங்கையில காலு முன்னால போயிருது. அடி டயரு மாதிரி கவ்வணும். வெரலுப் பக்கம் தொறந்து இருக்கணும். தண்ணி உள்ள நிக்கக் கூடாது." பின்னால் வார், அடியில் கெட்டி ரப்பர். கரிகிரியில் மருத்துவர்கள் கண்டுபிடித்ததில் பாதியை அவர் கடைவாசலில் நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைக்காரரின் பேனாவை வாங்கி, அவர் நின்றிருந்த செய்தித்தாளிலேயே இரண்டு பாதங்களையும் சுற்றிக் கோடு போட்டேன். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தேன். அவருடைய பேரனின் போன் நம்பரையும் குறித்துக்கொண்டேன்.

சேலம் வந்த மறுநாள் வேப்பமரத்தடிக்குப் போனேன். செருப்புத் தைப்பவர் தாளை விரித்து, நாலு மூலையிலும் நாலு கற்களை வைத்தார். நான் போட்ட கோட்டை அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை. கோட்டுக்குள் காய்ந்து கிடந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது காலின் தடம் முழுசாகப் பதிந்திருந்தது. இடது காலில் முன்பாதியும் வெளி ஓரமும் மட்டும் இருந்தன. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சினிமா விளம்பரத்தின் எழுத்துகள் சுத்தமாகத் தெரிந்தன.

"எடது குதிகால ஊனாம நிக்கறாரு" என்றார். "வலிக்குதான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் வாரை அளக்க ஆரம்பித்தார். நான் சற்று ஒதுங்கிப் போய்ப் பேரனுக்குப் போன் செய்தேன். பெரியவர் வந்து, "சொல்லுங்க சாமி" என்றார்.

"பெரியவரே, உங்கள் இடது குதிகால் வலிக்கிறதா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. கோழி ஒன்று கொக்கரிப்பது கேட்டது.

"யாருங்க சொன்னது?" என்றார்.

செருப்பு மூன்று நாளில் தயாராயிற்று. ஆணி அடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் தைத்து முடித்திருந்தார். இடது செருப்பில் மட்டும் குதிகாலுக்கு நேராக மெத்தென்ற ரப்பர் ஒரு துண்டு கூடுதலாக வைத்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கொல்லிமலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.